ஏழு மலை, ஒரு ஊர், எழுபத்தேழு நாள்

மதுரைக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியூரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்து இறங்கினால் முதலில் மீனாட்சியம்மன் கோயில், அப்புறம் திருமலை நாயக்கர் மகால், சாயங்காலம் தெப்பக்குளம், ராத்திரி விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா. மறுநாள் அழகர்கோயில். மூன்றாம் நாளும் அவர்கள் ஊருக்குக் கிளம்பவில்லை என்றால் எங்களிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஏதாவது சினிமாவுக்கு அனுப்பிவிட்டு ரயில் டிக்கெட்டைப் பற்றிப் பேச்சுக் கொடுப்போம்.

இப்போதெல்லாம் மூன்றாம் நாளுக்கு என்னிடம் சரக்கு இருக்கிறது. பெயர் அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். மேலூர் தாலுகா. சித்தப்பாக்களுக்குப் பிடிப்பதில்லை (பாறை ஏற வேண்டும், அங்கே ஜிகர்தண்டாவும் கிடையாது). சித்தப்பா பையன்களுக்குப் பிடிக்கிறது.

மாட்டுத்தாவணியைத் தாண்டி திருச்சி ரோட்டில் போனால் ஒத்தக்கடையில் யானைமலை படுத்திருக்கும். தலை, தும்பிக்கை, முதுகு என்று அச்சு அசலாக யானை. தினமும் ஆயிரக்கணக்கான பேர் இதைத் தாண்டி ஆபீஸ் போகிறார்கள். பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டே போகிறார்கள். 2010-இல் இந்த யானையை வெட்டி 'சிற்ப நகரம்' பண்ணலாம் என்று ஒரு யோசனை வந்தது. யானையைச் செதுக்கி யானை சிற்பம் செய்வார்களா என்று தெரியவில்லை. ஒத்தக்கடை, நரசிங்கம் ஜனங்கள் கூடிச் சத்தம் போட்டார்கள். யோசனை வந்த வழியே போய்விட்டது. இந்தச் சம்பவத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்; இந்த ரோட்டில் இது முதல் தடவையும் அல்ல, கடைசித் தடவையும் அல்ல.

நரசிங்கம்பட்டிப் பக்கம் நாலுவழிச் சாலையை விட்டு இடதுபுறம் ஒதுங்கினால் வேறு தேசம். ஹாரன் சத்தம் குறைகிறது. புளியமரம், வயல், ஆடு, அப்புறம் திடீரென்று பாறை. மலை என்றால் கொடைக்கானல் மாதிரி பச்சையாக, பஞ்சு மேகத்தோடு இருக்கும் என்று நினைக்காதீர்கள். இது மொட்டைப் பாறை. தரையிலிருந்து நேராக எழுந்து நிற்கிறது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனது போல.

ஏழு மலை. பெயர்களைக் கேளுங்கள்: கழிஞ்சமலை, நாட்டார் மலை, வயத்துப்பிள்ளான் மலை, ராமாயி மலை என்று சிலரும் ராமர் ஆய்வு மலை என்று சிலரும் சொல்கிற ஒன்று, தேன்கூட்டு மலை, கூகைகத்தி மலை, அகப்பட்டான் மலை. எனக்குப் பிடித்தது கடைசி. யார் அகப்பட்டான், யாரிடம் அகப்பட்டான் என்று ஊரில் நாலு பேரிடம் கேட்டேன். நாலு கதை கிடைத்தது. நாலிலும் அகப்பட்டவன் திருடன்தான். திருட்டுப் பொருள் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

இந்த ஏழு மொட்டைப் பாறைகளுக்கும் ஊரின் சாப்பாட்டுக்கும் இருக்கிற சம்பந்தம்தான் விசேஷம். நான் படித்தது பி.காம். எனக்கு பூகோளம் எட்டாம் வகுப்போடு கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. கண்மாய்க் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர்தான் விளக்கினார்.

"தம்பி, ஒங்க வீட்டு மொட்டை மாடியில மழை பேஞ்சா தண்ணி எங்க போகும்?"

"குழாய் வழியா கீழே போகும்யா."

"அம்புட்டுத்தான். இது ஊருக்கு மொட்டை மாடி. அந்தா இருக்கே, அது தொட்டி."

பாறை தண்ணீரைக் குடிக்காது. பெய்கிற மழையில் பெரும்பகுதி அப்படியே வழிந்து வந்துவிடும். வெடிப்பிலும் பள்ளத்திலும் தங்குவது சுனை. மிச்சம் அடிவாரத்து மண்ணில் இறங்கிக் கசிந்து ஊற்றாகிறது, அல்லது ஓடையாக ஓடிக் கண்மாய்க்கு வருகிறது. மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து கீழ்க் கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அடுத்தது. மோட்டார் கிடையாது, கரண்ட் பில் கிடையாது. தமிழக அரசின் கணக்குப்படி இந்தக் குன்றுகளைச் சுற்றி 72 ஏரி குளங்கள், 200 இயற்கை ஊற்றுகள், மூன்று தடுப்பணைகள். இதில் பெரிய பெயர் ஆனைகொண்டான் கண்மாய்க்கு. பாண்டியர் காலத்துக் கட்டுமானம் என்கிறார்கள்.

மேலூர் பக்கத்து விவசாயம் ஒருபோகம். 1895-இல் முல்லைப் பெரியாறு அணை வந்தபிறகு கள்ளந்திரி வரைக்கும் இருபோகம் என்றும், அதற்குக் கீழே மேலூர் பகுதிக்கு ஒருபோகம் என்றும் பங்கு பிரித்தார்கள். வாய்க்கால் தண்ணீர் எப்போது வரும் என்று கலெக்டர் ஆபீஸைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும். மலைத் தண்ணீர் அப்படியில்லை. மழை பெய்தால் வரும். ஆக, மலையைத் தொட்டால் முதலில் காய்வது கண்மாய், அடுத்தது வயல், அதற்கடுத்தது வயிறு. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்த விவகாரம் சுலபமாகப் புரியும்.

சரித்திரத்துக்கு வருவோம். கழிஞ்சமலையில் ஒரு குகைத்தளம் இருக்கிறது. உள்ளே கல்லில் வெட்டிய படுக்கைகள். மதுரையைச் சுற்றி எந்த மலையில் இப்படிப் படுக்கை இருந்தாலும் பஞ்சபாண்டவர் படுக்கை என்று ஜனங்கள் சொல்லிவிடுவார்கள். இந்தக் கணக்குப்படி பாண்டவர்கள் வனவாசத்தின் பெரும்பகுதியை மதுரை ஜில்லாவில் தூங்கியே கழித்திருக்க வேண்டும். படுத்தவர்கள் உண்மையில் சமண முனிவர்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே வந்து தங்கியவர்கள்.

அவர்களுக்கு இடம் செய்து கொடுத்தவர்களின் பெயர்கள் பாறையில் தமிழி எழுத்தில் இருக்கின்றன. இரண்டு கல்வெட்டுகள். ஒன்று 1970-களில் தெரியவந்தது, மற்றொன்று 2003-இல். ஒன்றில் நெல்வேலியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன் என்பவரின் பெயர். இன்னொன்றில் இலஞ்சி வேள் மாப்பரவனின் மகன் எமயவன். குகையைக் கொடுத்தது இன்னார் என்பதுதான் வாசகம். டியூப் லைட் நன்கொடை கொடுத்துவிட்டு வெளிச்சம் வராத அளவுக்கு அதன்மேல் பெயர் எழுதும் பழக்கம் நமக்கு நேற்று வந்தது இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேற்பட்ட பாரம்பரியம்.

பக்கத்துப் பாறையில் தீர்த்தங்கரர் சிற்பம் ஒன்று, முக்குடைக்குக் கீழே அமைதியாக உட்கார்ந்திருக்கிறார். இது பின்னால் வந்தது; ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டு. மலையின் பழைய பெயர் திருப்பிணையன்மலை என்றும், சிற்பத்தைச் செய்வித்தவர் அச்சணந்தி என்றும், பாதிரிக்குடியார் அதைப் பாதுகாக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அச்சணந்தி என்கிற இந்தச் சமணத் துறவி சும்மா இருந்தவரில்லை. யானைமலை, அழகர்மலை என்று மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பல இடங்களில் அவர் பெயர் வருகிறது. அந்தக் காலத்து டூர் புரோகிராம் யாராவது எழுதி வைத்திருந்தால் அரசியல் தலைவர்கள் வெட்கப்படுவார்கள்.

அந்த 'பாதுகாக்க வேண்டும்' என்ற விஷயத்தில் எனக்கு ஒரு கண். சிற்பத்தைச் செய்தாயிற்று, வேலை முடிந்தது என்று போகவில்லை. பராமரிப்புக்கு ஆள் நியமித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் காண்ட்ராக்டர்கள் பார்க்க வேண்டிய கல்வெட்டு.

மலையின் இன்னொரு புறம் குடைவரைக் கோயில். ஊரில் இடைச்சி மண்டபம் என்கிறார்கள். ஏழு, எட்டாம் நூற்றாண்டு, முற்காலப் பாண்டியர் காலம். சிவலிங்கத்தை வெளியே செய்து கொண்டுவந்து வைக்கவில்லை. மலையைக் குடையும்போதே லிங்கத்தை விட்டுவிட்டு மற்றதை எடுத்திருக்கிறார்கள். வாசலில் ஒரு பக்கம் பிள்ளையார். இன்னொரு பக்கம் இருப்பவரை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியாது. அவர் லகுலீசர். பாசுபத சைவத்தின் குரு, குஜராத்துப் பக்கத்து மனிதர். தமிழ்நாட்டில் இவர் சிற்பம் அபூர்வம். குஜராத்திலிருந்து ஒரு சைவ ஆசாரியர், வடக்கேயிருந்து ஒரு சமண தர்மம், இரண்டுக்கும் தெற்கத்திக்காரர்கள் பண உதவி, எல்லாம் ஒரே மலையில். பஸ் வசதி இல்லாத காலத்தில்.

மலையைத் தாண்டிப் பக்கத்தில் மாங்குளம், மீனாட்சிபுரம். 1882-இல் ராபர்ட் சிவெல் என்ற வெள்ளைக்கார அதிகாரி இங்கே சில கீறல்களைக் கண்டு குறித்து வைத்தார். தமிழ் என்று அப்போது தெரியாது. 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் இந்த மாதிரிக் குகைக் கல்வெட்டுகளின் மொழி தமிழ்தான் என்றார். 1965-இல் ஐராவதம் மகாதேவன் மாங்குளத்துக் கல்வெட்டில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பெயரைப் படித்துக் காட்டினார். சங்கப் பாட்டில் மட்டும் இருந்த பெயர், கல்லிலும் வந்துவிட்டது. மகாதேவன் ஐ.ஏ.எஸ். அதிகாரி. ஃபைல் பார்த்த நேரம் போக மலை ஏறியவர். ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்று தெரியாமல் பாதி நாளைத் தூங்கித் தீர்க்கிற என் போன்றவர்களுக்கு இது கொஞ்சம் சங்கடமான தகவல்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு மாங்குளத்தில் இன்னொரு சந்தோஷம் உண்டு. அங்கே கொடை கொடுத்தவர்களில் வெள்ளறை நிகமத்தோர் என்று ஒரு கூட்டம் வருகிறது. நிகமம் என்றால் வணிகர் சங்கம். இப்போது கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று சட்டம் போட்டு வாங்குகிறார்களே, அதை வெள்ளறை வியாபாரிகள் எவரும் கேட்காமலேயே கொடுத்திருக்கிறார்கள்.

2022 நவம்பரில் தமிழக அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டிலுமாக 193.215 ஹெக்டேரை பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. மாநிலத்திலேயே முதல். சுமார் 250 பறவை வகைகள் கணக்கில் இருக்கின்றன. முக்கியமானவை வேட்டைப் பறவைகள்: லகுடு வல்லூறு, ஷாகின் வல்லூறு, ராசாளி. செங்குத்துப் பாறை இடுக்கில் கூடு வைக்கிற சாதி. காங்கிரீட் மாடியில் வாடகைக்கு இடம் கொடுத்தாலும் வராது. தேவாங்கு, எறும்புதின்னி, மலைப்பாம்பும் உண்டு. நான் பார்த்தது ஒரு வல்லூறை மட்டும், அதுவும் ஒரு புள்ளியாக. கூட வந்த காலேஜ் பையன் பைனாகுலரை வைத்துக்கொண்டு, "பொம்பளப் பறவைண்ணே" என்றான். புள்ளியில் இதை எப்படிக் கண்டுபிடித்தான் என்று கேட்கவில்லை.

இந்த அறிவிப்பு லேசில் வந்ததல்ல. மேலூர் வட்டாரத்தில் கிரானைட் காலம் என்று ஒன்று இருந்தது. கீழவளவு, திருவாதவூர் பக்கமெல்லாம் மலைகள் கட்டி கட்டியாக லாரியில் ஏறின. 2012-இல் அப்போதைய கலெக்டர் சகாயம் 16,338 கோடி ரூபாய் இழப்பு என்று அரசுக்கு எழுதினார். பிறகு உயர்நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராகப் போட்டு, 2015-இல் அவர் கொடுத்த அறிக்கையில் தொகை ஒரு லட்சம் கோடிக்கு மேலே போனது. ரூபாய்க் கணக்கை விடுங்கள். கிரானைட்டைக் கிலோ கணக்கில் விற்கலாம். வழிந்து வரும் தண்ணீரை எந்த லெட்ஜரில் ஏற்றுவது? பள்ளத்தில் தேங்கிய பச்சைத் தண்ணீரையும் வராத கண்மாய்த் தண்ணீரையும் இந்த வட்டாரம் பக்கத்திலிருந்து பார்த்தது. அரிட்டாபட்டிக்காரர்கள் தங்கள் ஏழு மலையைப் பாதுகாக்கச் சங்கம் வைத்துக்கொண்டதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அப்புறம்தான் டங்ஸ்டன்.

குண்டு பல்பை உடைத்துப் பார்த்த தலைமுறைக்கு இதைத் தெரியும். உள்ளே சுருண்டிருக்கும் மெல்லிய கம்பி. 3,422 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. உலோகங்களிலேயே இதுதான் பிடிவாதக்காரன். தங்கத்துக்குச் சமமான கனம். பெயரே ஸ்வீடன் மொழியில் 'கனமான கல்'. இன்றைக்கு பல்புக்காக யாரும் இதைத் தேடவில்லை. துளை போடும் கருவி, வெட்டும் கருவி, ராணுவத் தளவாடம் எல்லாவற்றுக்கும் வேண்டும். உலக உற்பத்தியில் ஐந்தில் நாலு பங்கு சீனாவில். ஆகவே எல்லா தேசமும் அவரவர் கொல்லைப்புறத்தைத் தோண்டிப் பார்க்கின்றன. இதில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கொல்லைப்புறம் யாருடையது என்பதுதான் கேள்வி.

2023-இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தி, முக்கியமான கனிமங்களை மத்திய அரசே ஏலம் விடலாம் என்று ஆக்கினார்கள். 2024 நவம்பர் 7-ஆம் தேதி நாயக்கர்பட்டி டங்ஸ்டன் பிளாக் என்ற பெயரில் 2,015.51 ஹெக்டேருக்கு ஏலம் எடுத்தவர் பெயர் வெளியானது: ஹிந்துஸ்தான் ஜிங்க், வேதாந்தா குழுமம். ஹெக்டேர் என்றால் நமக்குப் புரியாது. கிட்டத்தட்ட ஐயாயிரம் ஏக்கர். அதற்குள் பல்லுயிர்த் தலமும் இருந்தது, நாயக்கர்பட்டி, வல்லாளப்பட்டிப் பக்கத்து வயல்களும் இருந்தன.

ஊர் எழுந்தது. கிராம சபைத் தீர்மானங்கள். டிசம்பர் 9-ஆம் தேதி சட்டசபையில் ஒருமனதாகத் தீர்மானம். ஏலம் விட்டது யார், முன்கூட்டியே தெரிந்தும் சும்மா இருந்தது யார் என்று மத்திய, மாநிலத் தரப்புகள் பட்டிமன்றம் நடத்தின. மதுரைக்குப் பட்டிமன்றம் புதிதில்லை. நடுவர் தீர்ப்பு வருவதற்குள் ஜனங்கள் ரோட்டுக்கு வந்துவிட்டார்கள். டிசம்பர் 24-ஆம் தேதி டெல்லியிலிருந்து ஒரு சமாதானம் வந்தது: பல்லுயிர்த் தலத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லையை மறுபடி போடலாமா என்று புவியியல் ஆய்வுத் துறையைப் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

பேப்பரில் பார்த்தால் நல்ல சமரசம். 193 ஹெக்டேர் கழித்தால் மிச்சம் 1,800 சொச்சம். கழித்தல் கணக்கு சரிதான். ஆனால் அந்த மொட்டை மாடிக் கதையை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். மாடியை விட்டுவிடுகிறோம், குழாயையும் தொட்டியையும் மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்றால் வீட்டுக்காரன் ஒப்புக்கொள்வானா? ஒப்புக்கொள்ளவில்லை. 2025 ஜனவரி 7-ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் மதுரை தல்லாகுளம் தலைமைத் தபால் நிலையத்தை நோக்கிக் கிளம்பினார்கள். நடந்தும் டிராக்டரிலும் டூ வீலரிலும். பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், தாத்தாக்கள். அன்றைக்கு ஆபீஸுக்கு லேட்டாகப் போன மதுரைக்காரர்கள் பலர், முதல் தடவையாக மேனேஜரிடம் நிஜமான காரணம் சொன்னார்கள்.

ஜனவரி 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. நவம்பர் 7-லிருந்து எண்ணினால் எழுபத்தேழு நாள்.

இதே டங்ஸ்டனோடு இன்னொரு சின்ன ஊர் மல்லுக்கட்டியது. பிரான்ஸில், ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பைரனீஸ் மலையில், ஸாலோ என்று பெயர். ஒரு பள்ளத்தாக்கின் கடைசி ஊர். அதற்குமேல் ரோடு கிடையாது, கணவாய்தான். ஸலாட் என்ற ஆறு அங்கேதான் பிறக்கிறது. ரோமனெஸ்க் பாணியில் ஒரு பழைய மாதா கோயில். நமக்குத் தேவாங்கு என்றால் அந்த மலைகளில் கரடி. 1971-இல் அங்கே டங்ஸ்டன் சுரங்கம் திறந்தார்கள். 1986-இல் மூடினார்கள், சீனச் சரக்கு வந்து விலை விழுந்துவிட்டது. வேலைக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். ஸாலோவும் சேர்ந்த கூஃப்ளான் பஞ்சாயத்து முழுவதிலும் இப்போது நூறு பேர்கூட இல்லை. 2016-இல் மறுபடி தோண்டிப் பார்க்க ஒரு கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது. சுரங்கம் வந்தால் பிள்ளைகளுக்கு வேலை என்று சிலரும், பாறையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது, தண்ணீர் கெடும் என்று சிலரும் இரண்டாகப் பிரிந்தார்கள். 2019-இல் துலூஸ் நகரத்து நிர்வாக நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது.

இந்தக் கதையை அரிட்டாபட்டிப் பக்கம் ஒரு டீக்கடையில் சொன்னேன். மாஸ்டர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"அங்கன எத்தன பேரு இருக்காக?"

"நூறு பேருக்குள்ளதான்ணே."

"நூறு பேரா! நம்ம ஊருல ஒரு கெடா வெட்டுக்கே ஐந்நூறு பேரு வருமே. நூறு பேர வச்சுக்கிட்டு எப்பிடிண்ணே மறியல் பண்ணுனாக?"

"மறியல் இல்லண்ணே, கேஸ் போட்டாங்க."

"வருசம்?"

"மூணு வருசம்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் பேப்பரைத் தாழ்த்தி, "டங்ஸ்டன் எங்கிட்டும் போயிரல தம்பி. அங்கயும் கீழதான் கெடக்கு, இங்கயும் கீழதான் கெடக்கு. வெல ஏறட்டும், மறுபடி வருவாய்ங்க" என்றார். மாஸ்டர் அவரை முறைத்தார்.

"வரட்டும். சங்கத்துப் பூட்டுச் சாவி என்கிட்டதான இருக்கு" என்று சொல்லிவிட்டு, எனக்கு டீயை நீட்டினார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.